2009இல் இலங்கையின் உள்நாட்டுப் போர் முடிந்தபோது மலையகத் தமிழர்கள் கொண்டாடினார்களா?

ஒரே சொல்லில் பதில் கூற முடியாது. மே 19ஆம் திகதி நாடாளுமன்றத்தில் வெற்றி அறிவிக்கப்பட்டு, மறுநாள் பொது விடுமுறையானபோது, நகரங்களில் சிங்கக்கொடி பறந்தது, பட்டாசு வெடித்தது, வீதியோரம் பாற்சோறு பரிமாறப்பட்டது. தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களில் பலர் கதவைச் சாத்திக்கொண்டு செய்தி கேட்டனர். நீட்டிய பாற்சோற்றை மறுப்பதும் அன்று எளிதாக இருந்திருக்காது. தமிழருக்கு எதிரான 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் வடக்கே வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் குடிபெயர்ந்த உறவினர்கள் உயிரோடு இருக்கிறார்களா, போரில் இடம்பெயர்ந்தோருக்கான மெனிக்பாம் முகாமுக்கு வந்து சேர்ந்தார்களா என்று தெரியாமல் தவித்த குடும்பங்களுக்குக் கொண்டாட்டம் எங்கிருந்து வரும்? ஆயினும் நிம்மதியும் பொய்யன்று: கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்த பிள்ளைகள், அடையாள அட்டையும் பொலிஸ் பதிவும் கையிலின்றி வெளியே இறங்க அஞ்சிய நிலை மாறும் என்று பெற்றோர் நம்பினர். அவசரகாலச் சட்டமோ 2011 ஆகஸ்ட் வரை நீடித்தது.