கேள்வி-பதில்: விப்பெட்டுக்குக் கோட்டு வாங்கும் முன் டேப்பை எடுங்கள்

இங்கே தென்னாப்பிரிக்காவில் ஜூன் பிறந்தால் குளிர், ஹீட்டரும் கம்பளியும்தான் வாசகர் கடிதங்களில் வரும். இந்த முறை என்னவோ நாய்க்கோட்டு, அதிலும் எல்லாமே விப்பெட் வளர்ப்பவர்கள் எழுதியவை. உடம்பில் அதிகக் கொழுப்பும் இல்லாமல் அடர்ந்த முடியும் இல்லாமல் நீளக் காலோடு ஓடுகிற அந்த ஜாதி என் வீட்டிலும் ஒன்று இருப்பதால், குளிர் காற்றில் அது நடுங்குவதைப் பார்க்கிற சங்கடம் எனக்குத் தெரியும். அதை வைத்துக் கடைக்காரர்கள் என் தலையில் கட்டியவையும் அலமாரியில் இருக்கின்றன.

என் விப்பெட் 13 கிலோ. '10-15 கிலோ, மீடியம்' என்று இணையத்தில் பார்த்து ஒரு கோட்டு வாங்கினேன். மார்பில் பட்டை எட்டவில்லை, வயிற்றில் தொங்குகிறது, முதுகில் முக்கால்வாசிக்குத்தான் வருகிறது. சேல் பொருள், திருப்பி எடுக்க மாட்டோம் என்கிறார்கள். கைக்கு வந்து நாலு நாள் ஆகிறது. (வாசகி, லெனேசியா)

அப்படியானால் இன்னும் மூன்று நாள் இருக்கிறது, இதைப் படித்து முடித்ததும் எழுதிப் போடுங்கள். 2002-ஆம் ஆண்டின் மின்னணு வணிகச் சட்டம், பிரிவு 44: இணையத்தில் வாங்கிய பொருள் கைக்கு வந்த 7 நாளுக்குள் காரணமே சொல்லாமல் ரத்து செய்யலாம். திருப்பி அனுப்பும் செலவு மட்டும் உங்களுடையது, 30 நாளுக்குள் பணம் வந்தாக வேண்டும். சேல் என்று எழுதிவிட்டால் இந்த உரிமை போய்விடாது, அதே சட்டத்தின் பிரிவு 48 அப்படிப்பட்ட நிபந்தனை செல்லாது என்கிறது. போனில் பேசாதீர்கள், இமெயிலில் அனுப்புங்கள்.

இப்போது என் வயிற்றெரிச்சலைக் கேளுங்கள். கிலோ கணக்கில் கோட்டு விற்கலாம் என்று யார் கண்டுபிடித்தது? உங்கள் விப்பெட்டும் 13 கிலோ, பக்கத்து வீட்டு ஸ்டாஃபியும் 13 கிலோ. ஸ்டாஃபி என்கிற அந்தக் கட்டைகுட்டை நாய் கட்டிலுக்கடியில் வைக்கிற டிரங்குப் பெட்டி, விப்பெட் வில். விப்பெட்டின் நெஞ்சு ஆழம், ஆனால் ஒடுக்கம், அதற்குப் பின்னால் வயிறு சட்டென்று மேலே ஏறிவிடும், முதுகு நீளம், கழுத்தும் நீளம். எடையை நம்பி வாங்கினால் நெஞ்சுக்குச் சரியானது முதுகில் குட்டை, முதுகுக்குச் சரியானது இடுப்பில் கோணிப்பை. எஸ், எம், எல் என்ற எழுத்துகளும் இப்படித்தான், ஒரு கடையின் எம் இன்னொரு கடையின் எல். எனக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்தும் போன வருஷத்துக்கு முந்தின வருஷம் 480 ராண்ட் கொடுத்து, உள்ளே பஞ்சு வைத்த 'மீடியம்' ஒன்றை நாயில்லாமல் கடைக்குப் போய் வாங்கி வந்தேன். போட்டுவிட்டதும் நாய் நடுக்கூடத்தில் சிலையாக நின்றது. பிஸ்கட் காட்டினேன், அசையவில்லை. கழற்றிய பிறகுதான் பார்த்தேன், முன்காலை முன்னே நீட்ட விடாமல் தோளில் தையல் இறுக்கியிருந்தது. ஓடுவதற்கென்றே பிறந்த பிராணிக்கு நான் விலங்கு வாங்கி மாட்டியிருக்கிறேன். சென்டிமீட்டரில் அளவு போடாத கடையில் வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

எங்கெங்கே அளக்க வேண்டும்? (பீட்டர்மரிட்ஸ்பர்க்)

நல்ல கேள்வி, வாங்குவதற்கு முன் கேட்டிருக்கிறீர்கள், அதற்கே ஒரு கும்பிடு. தையல் டேப் இல்லையென்றால் நூலும் ஸ்கேலும் போதும். நாய் நாலு காலிலும் நேராக நிற்க வேண்டும், தலை நிமிர்ந்திருக்க வேண்டும், படுத்திருக்கும்போது அளந்த அளவு எதற்கும் உதவாது. கழுத்து முதுகோடு சேரும் மேட்டிலிருந்து வால் முளைக்கும் இடம் வரை முதுகு நீளம். முன்காலுக்குச் சற்றுப் பின்னால், நெஞ்சு மிகவும் இறங்கியிருக்கும் இடத்தில் சுற்றளவு. அப்புறம் இடுப்பின் ஒடுங்கிய இடம், கழுத்து. என் நாய்க்கு முதுகு 53 செ.மீ., நெஞ்சு 66. இதை அப்படியே எழுதிக்கொண்டு கடைக்குப் போய்விடாதீர்கள், உங்கள் நாயை அளங்கள்.

போட்டுப் பார்க்கும்போது பட்டைக்கு அடியில் இரண்டு விரல் தாராளமாகப் போக வேண்டும். பட்டை அக்குளில் உரசக்கூடாது, விப்பெட்டின் தோல் மெல்லியது, அங்கே ஒரே நாளில் புண்ணாகிவிடும். வெல்க்ரோவின் முரட்டுப் பக்கம் தோலைத் தொடுகிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஆண் நாய் என்றால் வயிற்றுத் துணி எவ்வளவு பின்னால் வருகிறது என்று பார்க்காமல் வாங்கினால் தினமும் துவைப்பீர்கள். கழுத்தை மூடி, வேண்டுமானால் காது வரை இழுத்துவிடும்படி காலர் இருந்தால் காற்றடிக்கும் காலையில் அதன் அருமை தெரியும். கடைசியாக, வீட்டுக்குள் ஒரு மணி நேரம் நடக்க விடுங்கள். கோட்டு ஒரு பக்கமாகச் சுழன்று போனால் அது அளவில்லை.

ஃப்ளீஸா, மழைத்துணியா? (நியூகாசல்)

காய்ந்த குளிருக்குக் கம்பளி மாதிரி மெத்தென்றிருக்கும் ஃப்ளீஸ் துணி, மழைக்கு நீர்புகாத் துணி, உள்ளே மெல்லிய லைனிங். நனைந்த ஃப்ளீஸ் ஈரத் துண்டு. புல்வெளிப் பக்கம் நடப்பவர்களுக்கு ஒரு வார்த்தை, பிளாக்ஜாக் என்கிற களைச்செடியின் ஒட்டுகிற விதை ஃப்ளீஸில் ஏறினால் ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள், நான் உட்கார்ந்திருக்கிறேன்.

டர்பனில், சாட்ஸ்வர்த்தில் இருக்கிறோம். பஞ்சு வைத்த கனமான கோட்டு வாங்கலாமா?

டர்பன் குளிருக்கா? வேண்டாம். விடியற்காலைக்கு மெல்லிய ஃப்ளீஸ் ஒன்று போதும், பத்து மணிக்குக் கழற்றிவிடுங்கள்.

கடையில் நாயின் ஜாதியைச் சொல்லித்தான் கேட்டேன். 'விப்பெட்டுக்குக் கச்சிதமாக இருக்கும்' என்று தந்தார்கள். முன்கால் நுழையவே இல்லை. திருப்பிக் கொடுத்தால், போர்டைப் பாருங்கள், ரீஃபண்ட் கிடையாது என்கிறார்கள். (லேடிஸ்மித்)

அம்மா, தப்பு உங்கள் மேல் ஒன்றுமில்லை. நீங்கள் இன்ன நாய்க்கு என்று சொன்னீர்கள், அவர் தெரிந்தவர் மாதிரி எடுத்துக் கொடுத்தார். 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 20, இன்ன உபயோகத்துக்கு என்று சொல்லி வாங்கிய பொருள் அதற்கு உதவாவிட்டால் 10 வேலை நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்கிறது. போர்டு சட்டத்தை மீறி நிற்காது. பில்லோடு ஒரு கடிதம் கொடுங்கள், அசையவில்லையென்றால் நுகர்பொருள், சேவைகள் ஓம்புட் என்கிற குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யுங்கள், அதற்குக் காசு கிடையாது. மற்றவர்களுக்கும் சொல்கிறேன், பில்லிலேயே 'விப்பெட்டுக்கு' என்று எழுதி வாங்குங்கள். பேனா எடுக்கத் தயங்கும் கடைக்காரருக்குத் தன் பேச்சிலேயே நம்பிக்கை இல்லை.

மூன்றே வாரத்தில் பக்கிள் உடைந்துவிட்டது. வாரண்டி அட்டை தரவில்லை. (பினோனி)

அட்டை வேண்டாம். அதே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 56 பழுதான பொருளுக்கு ஆறு மாத உத்தரவாதம் தருகிறது. ரிப்பேரா, புதியதா, பணமா என்பதைத் தேர்ந்தெடுப்பது நீங்கள், கடை அல்ல.

இணையத்தில் வாங்கியது. நாய் ஒரு மாதம் போட்டது, இரண்டு தடவை மெஷினில் துவைத்தோம், இப்போது கொஞ்சம் இறுக்கம். மாற்றித் தருவார்களா? (ஃபீனிக்ஸ்)

தம்பி, உள்ளே ஓரத்தில் ஒரு துணி லேபிள் தைத்திருப்பார்களே, படித்தீர்களா? அளந்தீர்களா? ஏழு நாளுக்குள் போட்டுப் பார்த்தீர்களா? மூன்றுக்கும் 'இல்லை' என்றால் நான் என்ன சொல்ல. தெரிந்த தையல்காரரிடம் பக்கவாட்டில் ஒரு துண்டு சேர்த்துத் தைக்கச் சொல்லுங்கள்.

சமூக வலைத்தளத்தில் ஒரு பக்கம், அளவெடுத்துத் தைத்துத் தருவதாகச் சொல்லி 650 ராண்ட் வங்கி மாற்றம் வாங்கிக்கொண்டது. இப்போது பக்கமே இல்லை. வீட்டில் சொல்லவும் வெட்கமாக இருக்கிறது. (வாசகி, டொங்காட்)

வெட்கப்பட வேண்டியது அவர்கள், நீங்கள் இல்லை அக்கா. இன்றைக்கே வங்கியின் மோசடிப் பிரிவைக் கூப்பிடுங்கள், பணம் அந்தக் கணக்கில் இன்னும் கிடந்தால்தான் ஏதாவது செய்ய முடியும், அதனால் வேகம் முக்கியம். அடுத்து போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்து கேஸ் நம்பர் வாங்குங்கள், பேசியதையெல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். இணையத்தில் விற்பவர் முழுப் பெயர், நிஜ முகவரி, தொலைபேசி எண் எல்லாவற்றையும் காட்ட வேண்டும் என்று மின்னணு வணிகச் சட்டத்திலேயே இருக்கிறது. முகவரி இல்லாத பக்கத்துக்குப் பணம் அனுப்பாதீர்கள் என்று சொல்வது எனக்குச் சுலபம், நானும் ஒரு தடவை நாய்ப் படுக்கைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தவன்தான்.

கோட்டில் நாயின் பெயரை எம்பிராய்டரி செய்து வாங்கலாமா? (சாட்ஸ்வர்த்)

முதலில் வெறும் கோட்டை வாங்கிப் போட்டுப் பாருங்கள். பெயர் பொறித்த பொருளுக்கும் அளவு சொல்லித் தைத்த பொருளுக்கும் அந்த 7 நாள் உரிமை கிடையாது.

தைப்பூசக் காவடிக்கு நாய்க்கும் மஞ்சள் கோட்டு போட ஆசை.

ஜனவரி, பிப்ரவரிக் கோடை வெயிலிலா? நாயை வீட்டில் நிழலில் விட்டுவிட்டு நீங்கள் போய் வாருங்கள்.