பூசணி ரிசோட்டோ ஏன் பொங்கலாகிப் போனது?

கேள்வி: வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த மகன் ஆசைப்பட்டுக் கேட்டான் என்று மஞ்சள் பூசணியும் பேக்கனும் (உப்பிட்டுப் புகையூட்டிய பன்றிக்கறி) போட்டு ரிசோட்டோ என்ற இத்தாலிய அரிசி உணவைச் செய்தேன். சீரகச் சம்பாவை மூன்று தண்ணீர் களைந்து, அரை மணி நேரம் ஊறவைத்து, எல்லாவற்றையும் சேர்த்துக் குக்கரில் மூன்று விசில் விட்டேன். இறக்கியதும் ஒரு பாக்கெட் க்ரீமும் நான்கு சீஸ் கட்டிகளும் போட்டுக் கிளறினேன். வந்தது குழைந்த பொங்கல். பூசணி இருந்த இடமே தெரியவில்லை. பேக்கன் ரப்பர் மாதிரி இருந்தது, உப்பும் தூக்கல். எங்கே தவறினேன்? ஒயின் இல்லாமலும் குக்கரிலும் இதைச் செய்ய முடியுமா?
— வாசகி, திருமங்கலம்

பதில்: தவறு அரிசி களைந்த இடத்திலேயே தொடங்கிவிட்டது. ரிசோட்டோவில் க்ரீம் கிடையாது. அந்த வழுவழுப்பு அரிசியின் மாவுச்சத்து குழம்பில் கரைந்து வருவது. மூன்று தண்ணீர் களைந்து கழனித் தொட்டியில் நீங்கள் ஊற்றியதில்தான் உங்கள் 'க்ரீம்' பாதி போயிருக்கிறது. அந்த இழப்பை ஈடுகட்டத்தான் பாக்கெட் க்ரீம் தேவைப்பட்டது. இந்த அரிசியைக் களையவும் கூடாது, ஊறவைக்கவும் கூடாது. தூசு தெரிந்தால் முறத்தில் ஒரு முறை புடைத்தால் போதும்.

அடுத்தது அரிசியின் ரகம். இத்தாலியின் வடபகுதியில் இதற்கென்றே விளையும் ஆர்போரியோ, கார்னரோலி ரகங்களின் மணி குண்டாக இருக்கும். நடுவில் சுண்ணாம்புப் பொட்டு போல ஒரு வெள்ளை தெரியும். மேற்புறம் கரைந்து குழம்பைக் கெட்டியாக்கும்போதும் அந்த நடுப்பகுதி பல்லுக்குக் கொஞ்சம் விரைப்பாக நிற்கும். ஆர்போரியோ சீக்கிரம் குழையும், கார்னரோலி கொஞ்சம் பொறுத்துப்போகும். முதல் தடவை செய்பவருக்குக் கார்னரோலி நல்லது. ஆனால் மதுரையின் பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளில் தேடினால் ஆர்போரியோதான் கிடைக்க வாய்ப்பு அதிகம், அதுவே போதும். பார்வைக்கு இட்லி அரிசி மாதிரி இருக்கிறதே என்று அதைப் போட்டுவிடாதீர்கள். புழுங்கல் அரிசியில் மாவுச்சத்து அவிக்கும்போதே மணிக்குள் இறுகிவிடுகிறது, குழம்புக்கு வெளியே வராது. சீரகச் சம்பாவை பிரியாணிக்கு வைத்துக்கொள்ளுங்கள்; அதன் வாசனையும் பேக்கனின் புகைவாசனையும் ஒத்துப்போகாது. பொன்னிப் பச்சரிசியில் செய்தால் ருசியான பூசணிக் கஞ்சி கிடைக்கும், ரிசோட்டோ கிடைக்காது.

நான்கு பேருக்கு அளவு: அரிசி 320 கிராம், தோலோடு 600 கிராம் பூசணிப் பத்தை, பேக்கன் 150 கிராம், சின்ன வெங்காயம் பத்து, வெண்ணெய் 50 கிராம், பார்மேசான் சீஸ் துருவியது 50 கிராம், கோழி எலும்புச் சாறு ஒன்றேகால் லிட்டர். சாறுக்கு அரைக் கிலோ எலும்பு, ஒரு வெங்காயம், ஒரு கேரட், பத்து மிளகு, ஒன்றேமுக்கால் லிட்டர் தண்ணீர். சிறு தீயில் ஒரு மணி நேரம் கொதித்தால் போதும். மஞ்சள்தூளும் இஞ்சி பூண்டும் வேண்டாம், உப்பும் வேண்டாம். உங்களுக்கு உப்பு தூக்கியதற்குக் காரணம் பேக்கனும் சீஸும் தனித்தனியே உப்புச் சுமந்து வந்ததுதான். சாறுக்குப் பதில் சூப் கட்டி கரைத்தால் மூன்றாவது உப்பும் சேர்ந்துவிடும். உப்பு பார்ப்பது சீஸ் கலந்த பிறகுதான்.

பூசணியில் நம் ஊர் ஆட்கள் கவனிக்க வேண்டியது நீர். பட்டர்நட் என்று விற்கும் சுரைக்காய் வடிவப் பூசணியின் சதை வறண்டு இறுகி இருக்கும். நம் சந்தையில் பத்தை போட்டு விற்கும் சர்க்கரைப் பூசணியில் நீர் அதிகம். சதை ஆழ்ந்த ஆரஞ்சு நிறமாக இருக்கும் பத்தையாகப் பார்த்து வாங்குங்கள். நகத்தால் கீறினால் நீர் முத்து முத்தாகக் கசிந்தால் அது இளசு, சாம்பாருக்கு ஆகும், இதற்கு ஆகாது. தோலும் விதையும் நீக்கிய சதையில் பாதியைத் துருவிக்கொள்ளுங்கள், மீதியை இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்குங்கள். துருவல் அரிசியோடு வெந்து கரைந்து நிறமும் இனிப்பும் தரும். துண்டுகளை அகலமான சட்டியில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஒரே அடுக்காகப் பரப்பி, நடுத்தரத்துக்குச் சற்று மேலான தீயில் நான்கு நிமிடம் தொடாமல் விடுங்கள். அடிப்பக்கம் பொன்னிறமானதும் திருப்புங்கள். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் வெந்துவிடும். வதக்கும்போது உப்புப் போட்டால் நீர் விட்டு அவிந்துவிடும். உப்பு இறக்கிய பிறகு. இவற்றைத் தனியே எடுத்து வையுங்கள்.

பேக்கன் ரப்பரானதற்குக் காரணம் நீராவி. அதன் கொழுப்பு உருகி வடிந்தால்தான் மொறுமொறுப்பு வரும், குக்கருக்குள் அது நடக்காது. உறைந்த பாக்கெட்டை முந்தின இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். பாக்கெட்டுக்குள் சிவப்பு நிறத்தில் பனிக்கட்டி தெரிந்தால் அது ஒரு முறை இளகி மறுபடி உறைந்தது, வாங்காதீர்கள். ஒரு சென்டிமீட்டர் பட்டைகளாக நறுக்கி, ஈரத்தைத் துணியில் ஒற்றி எடுத்து, சூடேறாத சட்டியில் போட்டு அதன் பிறகு அடுப்பைப் பற்றவையுங்கள். சிறு தீயில் எட்டுப் பத்து நிமிடம். காய்ந்த சட்டியில் போட்டால் கொழுப்பு இறங்குமுன் ஓரம் கருகிவிடும். மொறுமொறுப்பானதை காகிதத்தில் வடித்து வைத்து, பரிமாறும்போது மேலே தூவுங்கள். சோற்றோடு கலந்து கிளறினால் மறுபடியும் ரப்பர்தான். இத்தாலியர்கள் இங்கே பான்செட்டா போடுவார்கள். அது பெரும்பாலும் புகையூட்டாத உப்புக்கண்டப் பன்றிக்கறி. நம் கைக்குக் கிடைக்கும் பேக்கனில் புகைவாசனை தூக்கலாக இருப்பதால் 150 கிராமுக்கு மேல் போகவேண்டாம்.

இனி வேலை இருபது நிமிடம்தான், ஆனால் அடுப்பை விட்டு நகர முடியாது. பக்கத்து அடுப்பில் சாறு லேசாகக் கொதித்துக்கொண்டே இருக்கட்டும். ஆறிய சாற்றை ஊற்றினால் ஒவ்வொரு முறையும் வேக்காடு நின்று நின்று தொடரும், நடு வேகுமுன் வெளிப்புறம் கரைந்துவிடும். பேக்கன் சட்டியில் ஒன்றரை மேசைக்கரண்டி கொழுப்பை மட்டும் விட்டு, பொடியாக நறுக்கிய வெங்காயத்தை நிறம் மாறாமல் வதக்குங்கள். அரிசியைப் போட்டு இரண்டு மூன்று நிமிடம் கிளறுங்கள். மணியின் ஓரம் கண்ணாடிபோல் ஆகி நடு மட்டும் வெள்ளையாகத் தெரிய வேண்டும். சிவக்க வறுத்தால் மாவு இளகாது.

ஒயின் சேர்ப்பவர்கள் இப்போது 100 மில்லி வெள்ளை ஒயினை ஊற்றி, நெடி போகும்வரை வற்றவிடுவார்கள். அதன் வேலை கொழுப்பை அறுக்கும் புளிப்பு. ஒயின் இல்லையென்றால் கடைசியில் இரண்டு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டால் போதும். தொடக்கத்தில் விட்டால் வாசனை கொதியிலேயே போய்விடும். வினிகர் வேண்டாம், அதன் நெடி தனியே நிற்கும்.

துருவிய பூசணியைச் சேர்த்து ஒரு குழிக்கரண்டி சாறு. அது உறிஞ்சி, சட்டியின் அடி கோடு விழுந்து தெரியும்போது அடுத்த கரண்டி. கிளறுவது மணிகள் ஒன்றோடொன்று உரசி மாவு விடத்தான். அரை நிமிடத்துக்கு ஒரு முறை மெதுவாகக் கிளறினால் போதும். மத்தால் கடைவதுபோல் கிளறினால் மணி உடைந்து பசையாகும். 26 சென்டிமீட்டர் அகலமுள்ள அடிகனமான சட்டி வேண்டும். குண்டாவில் செய்தால் அடியில் கூழ், மேலே பச்சை. இரும்புச் சட்டியும் வேண்டாம், எலுமிச்சை பட்டால் கறுக்கும்.

ஆர்போரியோ 16 முதல் 18 நிமிடத்தில் பதம் வரும். 15-வது நிமிடத்திலிருந்து ஒரு மணியை எடுத்து விரல்களுக்கிடையே நசுக்கிப் பாருங்கள். நடுவில் ஊசிமுனை அளவு வெள்ளை தெரிந்தால் அடுப்பை அணையுங்கள். அதுவே தெரியாவிட்டால் ஒரு நிமிடம் பிந்திவிட்டீர்கள்.

இப்போதுதான் வெண்ணெய், தீ அணைந்த பிறகு. ஒரு நிமிடம் விட்டு, ஃப்ரிட்ஜிலிருந்து அப்போதே எடுத்த வெண்ணெயைத் துண்டு துண்டாகப் போட்டு, சட்டியைக் குலுக்கியபடி வேகமாகக் கலக்குங்கள். குளிர்ந்த வெண்ணெய் மெதுவாக இளகி மாவுநீரோடு கலந்து பால்போல் ஆகும். மதுரை வெயிலில் மேடையில் வைத்த வெண்ணெய் பத்து நிமிடத்தில் எண்ணெயாகிவிடும். அதைப் போட்டால் மேலே மிதக்கும். நெய்யும் அப்படித்தான் மிதக்கும். பிறகு பார்மேசான், கொஞ்சம் மிளகுத்தூள், ஜாதிக்காயை இரண்டு இழுப்புத் துருவல், எலுமிச்சை. நீங்கள் போட்ட சீஸ் கட்டி ப்ராசஸ்டு வகை, அது ஒட்டும் பசையாகத்தான் உருகும். மொஸரெல்லா நூல்நூலாக இழுக்கும்.

தட்டைச் சாய்த்தால் அலைபோல் நகர வேண்டும். வெண்பொங்கல்போல இதுவும் ஆற ஆற இறுகும், அதனால் சட்டியில் இருக்கும்போது 'கொஞ்சம் தண்ணியாக இருக்கிறதே' என்று தோன்ற வேண்டும். இறுகிவிட்டால் அரைக் கரண்டி சூடான சாறு விட்டு இளக்கலாம். பூசணித் துண்டுகளை மேலே வைத்து, பேக்கனைத் தூவி உடனே பரிமாறுங்கள்.

குக்கரிலும் செய்யலாம், மூன்று விசில் மட்டும் வேண்டாம். பேக்கன், துண்டுப் பூசணி இரண்டும் வெளியே இருக்கட்டும். அரிசி வறுத்த பிறகு துருவலோடு 900 மில்லி சூடான சாறு ஊற்றி மூடுங்கள். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து நான்கு நிமிடம். உடனே குழாய்த் தண்ணீரின் கீழ் மூடியைக் காட்டி ஆவி முழுக்க அடங்கிய பிறகு திறங்கள். தானாக அடங்கட்டும் என்று விட்டால் மறுபடி பொங்கல். திறந்ததும் தண்ணீராகத் தெரியும், ஒரு நிமிடம் தீயில் கிளறினால் கூடிவரும். வழுவழுப்பு ஏறக்குறைய அதேதான், மணியின் பதம்தான் உங்கள் கையில் இருக்காது.

மிச்சம் இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் தட்டில் பரப்பி ஆறவிட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். சோறு வெளியே கிடந்தால் அதில் பெருகும் கிருமி, சூடாக்கினாலும் போகாத நஞ்சை விட்டுவைக்கும். மறுநாள் காலையில் தோசைக்கல்லில் வெண்ணெய் தடவி, அரை அங்குல கனத்தில் தட்டி, இருபுறமும் சிவக்கச் சுடுங்கள். மிலான் நகரத்தில் மிஞ்சிய ரிசோட்டோவை இப்படித்தான் சாப்பிடுகிறார்கள்.