மூன்று மாதத் தவணை ஒத்திவைப்பை எடுக்கலாமா?

சம்பளம் பாதியாகிவிட்டது, வங்கி மூன்று மாதம் வீட்டுக் கடன் தவணையை ஒத்திவைக்கிறேன் என்கிறது, எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கையில் சேமிப்பே இல்லையென்றால் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அது தள்ளுபடி இல்லை. அந்த மாதங்களின் வட்டி பெரும்பாலும் அசலோடு சேரும், அப்புறம் அதற்கும் வட்டி ஓடும். உங்களுக்கு இன்னும் 18 வருடம் பாக்கி என்பதால் சுமை கொஞ்சம் பெரிதாகவே இருக்கும்.

வட்டியை மட்டும் கட்டிவர விடுவார்களா, கடன் காலத்தை நீட்டித் தவணையைக் குறைப்பார்களா என்று முதலில் கேளுங்கள். எதுவானாலும் தவணை தவறுவதற்கு முன்பே, எழுத்தில். தவறிய பிறகு போனால் அவர்கள் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

கிரெடிட் கார்டில் பணம் எடுத்துத் தவணை கட்டும் யோசனையை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அந்த வட்டி வீட்டுக் கடன் வட்டியைவிடப் பல மடங்கு.