சூடு ஆறுவதற்குள்: சிறு நீராவி எஞ்சின் பராமரிப்பு – கேள்வி பதில்

32 மி.மீ. அல்லது 45 மி.மீ. தண்டவாளத்தில், உண்மையான நெருப்பாலும் நீராலும் ஓடும் மாதிரி எஞ்சின்களை வைத்திருக்கும் அன்பர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. எரிவாயு பர்னரும் செம்புக் கொதிகலனும் கொண்டு, ஏறத்தாழ 40 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டு) அழுத்தத்தில் இயங்கும் வகையையே பெரும்பாலும் மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ஓட்டம் முடிந்ததும் முதலில் எதைச் செய்ய வேண்டும்?

எஞ்சின் கை பொறுக்கும் சூட்டில் இருக்கும் அந்தப் பத்து நிமிடங்களைத் தவறவிடாதீர்கள். பிறகு ஒரு மணி நேரம் தேய்த்தாலும் அதற்கு ஈடாகாது. சூடாக இருக்கும்போது அழுக்கேறிய எண்ணெய் ஒரு பருத்தித் துணிக்கே வந்துவிடும். ஆறிவிட்டாலோ அது பிசினாக இறுகிக்கொள்ளும்.

துடைப்பதற்கு முன் செய்ய வேண்டிய ஒன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கொதிகலன் குளிரும்போது உள்ளிருக்கும் நீராவி நீராகச் சுருங்குவதால் அங்கே வெற்றிடம் உண்டாகி, லூப்ரிகேட்டரில் (சிலிண்டருக்கு எண்ணெய் ஊட்டும் சிமிழில்) மிஞ்சியிருக்கும் எண்ணெயைக் கொதிகலனுக்குள் உறிஞ்சிக்கொள்ளும். அவ்வாறு எண்ணெய் கலந்த நீர் அடுத்த முறை நுரைத்துப் பொங்கி, நீராவியோடு சேர்ந்து புகைபோக்கி வழியாகத் தெறிக்கும். ஆகவே ரெகுலேட்டரை (சிலிண்டருக்குப் போகும் நீராவியைக் கட்டுப்படுத்தும் வால்வை) மூடிவிட்டு, அழுத்தமானி சுழியத்தைத் தொட்ட பின், நீர் ஊற்றும் மூடியை மெதுவாகத் தளர்த்திக் காற்றை உள்ளே விடுங்கள். அழுத்தம் இருக்கும்போது அந்த மூடியில் கை வைக்கவே கூடாது.

கேள்வி: லூப்ரிகேட்டரில் ஒவ்வொரு முறையும் தண்ணீர் நிற்கிறது. பழுதா?

பழுதன்று, அது வேலை செய்கிறது என்பதற்கு அதுவே சான்று. நீராவிக் குழாயில் உள்ள நுண்ணிய துளை வழியாகச் சிறிதளவு நீராவி அந்தச் சிமிழுக்குள் சென்று நீராகிறது. எண்ணெயைவிட நீர் கனமானதால் அது அடியில் தங்க, அதே அளவு எண்ணெய் மேலெழுந்து நீராவியில் கலந்து சிலிண்டருக்குப் போகிறது. ஓட்டம் முடிந்த பின்னும் சிமிழ் நிறைய எண்ணெயே இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்: துளை அடைத்திருக்கிறது, சிலிண்டர் வறண்டு ஓடியிருக்கிறது. நீரைச் சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புது எண்ணெய் நிரப்புங்கள்.

கேள்வி: ஸ்டீம் ஆயில் (நீராவி சிலிண்டருக்கான தனி எண்ணெய்) கிடைக்கவில்லை. மோட்டார் எண்ணெய் ஊற்றலாமா?

வேண்டாம். 40 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் நீராவியின் வெப்பம் ஏறத்தாழ 140 டிகிரி செல்சியஸ். அந்தச் சூட்டிலும் ஈரமான உலோகத்தை விடாமல் பற்றிக்கொள்வதற்காகவே ஸ்டீம் ஆயிலில் கொழுப்புப் பொருள் சேர்க்கிறார்கள். ஐ.எஸ்.ஓ. 460 என்ற பாகுத்தன்மைத் தரம் இந்த அளவு எஞ்சின்களுக்குப் பொருந்தும். மோட்டார் எண்ணெயில் உள்ள சுத்திகரிப்புப் பொருள்கள் நீரோடு கலந்து மோர் போன்ற குழம்பாகிவிடும். அச்சுகளுக்கும் இணைப்புத் தண்டுகளுக்கும் தையல் இயந்திர எண்ணெய் போதும். ஊசி முனையில் ஒரு துளி. தேங்காய் எண்ணெயை எங்கும் இடாதீர்கள், சில மாதங்களில் பிசுபிசுத்துவிடும்.

கேள்வி (கோவையிலிருந்து): சிறுவாணித் தண்ணீரை அப்படியே ஊற்றலாமா?

நம் நாட்டுக் குழாய்த் தண்ணீரில் அதைப்போல மென்மையானது அரிது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் கொதிகலனிலிருந்து வெளியேறுவது தூய நீராவி மட்டுமே. கரைந்திருந்த உப்பெல்லாம் உள்ளேயே தங்கிவிடும். லிட்டருக்கு 300 மில்லிகிராம் கடினத்தன்மை உள்ள ஆழ்துளைக் கிணற்று நீரை எடுத்துக்கொண்டால், 200 மி.லி. கொதிகலனை ஒரு முறை வற்றவிட்டாலே 60 மில்லிகிராம் படியும். சிறுவாணியில் இது மிகக் குறைவு, ஆனால் சுழியமன்று. காய்ச்சி வடித்த நீரோ, வடிகட்டிய மழைநீரோ மேல். கடைகளில் பேட்டரிக்கென விற்பது பெரும்பாலும் அயனி நீக்கிய நீர். அது பித்தளையிலுள்ள துத்தநாகத்தை அரிக்கும் என்று அஞ்சிச் சில தயாரிப்பாளர்கள் அதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். உங்கள் கையேட்டைப் பாருங்கள்.

படிவு ஏற்கெனவே இருந்தால், 100 மி.லி. வெந்நீரில் ஒரு தேக்கரண்டி எலுமிச்சை உப்பை (சிட்ரிக் அமிலத்தை) கரைத்து, பாதுகாப்பு வால்வைக் கழற்றி வைத்துவிட்டு, மூடியைத் திறந்தபடியே அரை மணி நேரம் விட்டு, நான்கைந்து முறை அலசுங்கள். இந்தக் கரைசலோடு பர்னரை ஏற்றக் கூடாது.

கேள்வி: பித்தளைக் குமிழைப் புளி போட்டுத் துலக்கலாமா?

வீட்டுக் குத்துவிளக்கைப் போலக் குமிழைத் தனியே கழற்றித் துலக்கி, நன்றாகக் கழுவித் துடைத்து மாட்டுவதானால் தாராளமாகச் செய்யலாம். எஞ்சினில் இருக்கும்போதே தேய்த்தால், புளிச்சாறு இடுக்குகளில் இறங்கி எஃகுத் திருகாணிகளைத் துருப்பிடிக்க வைக்கும். பாலிஷ் பசைகளிலும் இதே சிக்கல் உண்டு. அவற்றிலுள்ள நுண்தூள் அச்சுகளில் புகுந்தால் உப்புத்தாள் போல உராயும். என்னைக் கேட்டால், ஓடும் எஞ்சினுக்குச் சற்று மங்கிய பித்தளைதான் அழகு.

கேள்வி (லண்டனிலிருந்து): குளிர்காலத்தில் தீ சோம்பலாக எரிகிறது. ஜெட்டை (பர்னருக்கு எரிவாயு வெளிவரும் நுண்துளை முனையை) ஊசியால் குத்தினேன், பயனில்லை.

முதலில் அந்த ஊசியைத் தூர வையுங்கள். ஜெட்டின் துளை ஏறத்தாழ 0.2 மி.மீ. மட்டுமே, ஒரு முறை குத்தினாலே வட்டம் சிதைந்து தீ கோணலாகிவிடும். கழற்றி, கரைப்பானில் ஊறவைத்து, வாயு செல்லும் திசைக்கு எதிர்ப்புறமாகக் காற்றை ஊதுங்கள். ஆனால் உங்கள் சிக்கலுக்குக் காரணம் வேறாகவும் இருக்கலாம். பியூட்டேன் -0.5 டிகிரியில்தான் கொதிக்கிறது. வாயு வெளியேறும்போது தொட்டி தானாகவே மேலும் குளிர்வதால் அழுத்தம் விழுந்துவிடுகிறது. தயாரிப்பாளர் அனுமதித்திருந்தால் புரொப்பேன் கலந்த வாயுவைப் பயன்படுத்துங்கள், அல்லது தொட்டியைச் சுற்றி வெதுவெதுப்பான நீர் இருக்கும்படி செய்யுங்கள். இணைப்புகளில் கசிவு பார்க்கச் சோப்பு நுரை மட்டுமே. தீக்குச்சி ஒருபோதும் கூடாது.

கேள்வி: பழைய பொம்மை எஞ்சின் ஒன்று கிடைத்திருக்கிறது. அதில் உடனே நெருப்பை ஏற்றலாமா?

ஏற்றாதீர்கள். என் முதல் எஞ்சினை நீர் வற்றிய பின்னும் எரியவிட்டேன். அதன் கொதிகலன் ஈயப் பற்றால் (உருக்கி இணைக்கும் ஈயக் கலவையால்) ஒட்டப்பட்டது. ஈயப் பற்று 200 டிகிரி அளவிலேயே இளகிவிடும். முன்பக்க மூடி கழன்று நின்றது. வெள்ளிப் பற்று 600 டிகிரிக்கு மேல் தாங்குமாதலால் தப்பிக்க வாய்ப்புண்டு. உங்கள் எஞ்சினையும் முன்பு யாராவது அப்படி வற்றவிட்டிருக்கலாம். ஆகவே முதலில் நீரழுத்தச் சோதனை செய்யுங்கள்: காற்று சிறிதும் இல்லாமல் கொதிகலனைக் குளிர்ந்த நீரால் நிரப்பி, கைப் பம்பால் அழுத்தத்தை ஏற்றிச் சில நிமிடங்கள் நிறுத்திக் கசிவு பார்க்க வேண்டும். புதுக் கொதிகலனை இயங்கும் அழுத்தத்தைப்போல் இரு மடங்குக்கும், ஏற்கெனவே தேறியதை மறுமுறை ஒன்றரை மடங்குக்கும் ஏற்றுவது வழக்கம். அழுத்திய காற்றால் சோதித்தால், வெடிக்கும்போது அது விரிந்து துண்டுகளைச் சிதறடிக்கும். நீர் சுருங்காததால் கசிந்தவுடன் அழுத்தம் விழுந்துவிடும். சோதனைக்குப் பின் பாதுகாப்பு வால்வைப் பிரித்துப் பாருங்கள். பல ஆண்டுகள் அசையாமல் கிடந்த ரப்பர் வளையம் அது அமரும் இடத்தோடு ஒட்டியிருக்கலாம். அதை மாற்றிய பிறகே நெருப்பு.