புயலுக்குப் பிறகு ஊரில் ஒருங்கிணைப்பு மையம் தொடங்க என்ன வேண்டும்? எந்த ஆப் நல்லது?

ஆப் பற்றிக் கேட்கிறீர்கள், அதனால் உங்கள் ஊர் இன்னும் பெரிய புயல் எதையும் பார்க்கவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். கோபப்படாதீர்கள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது குமரி மாவட்டத்தில் கரண்டும் போனது, செல்போன் டவரும் போனது. வாட்ஸ்அப் குரூப்பெல்லாம் அப்புறம்தான்.

நான் குமரிக் கடற்கரையில் தூத்தூர் பக்கம். எங்கள் ஆட்கள் ஆழ்கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் கடலிலேயே கிடப்பார்கள், அதுவும் பலர் கொச்சியிலிருந்து கிளம்புவார்கள். எனவே யார் கடலில், யார் கரையில் என்ற கணக்கு யாரிடமும் முழுதாக இல்லை. அதிகாரிகள் ஓர் எண்ணிக்கை சொன்னார்கள், ஊர்கள் வேறு சொன்னன. சர்ச் ஹாலில் மேசை போட்டு நாங்கள் உட்கார்ந்ததே அந்தக் கணக்குக்காகத்தான்.

ஒரே நோட்டு, எழுதுவதும் ஒரே ஆள். படகின் பெயர், பதிவெண், ஓனர், கிளம்பிய துறைமுகம், தேதி, கடைசியாக யாரிடம் பேசினார்கள் என்பது வரை எழுதினோம். ஆள் பெயர் மட்டும் போதாது, எங்கள் கரையில் தெருவுக்கு நாலு அந்தோணி உண்டு. அப்பா பெயரும் வீட்டுப் பெயரும் வேண்டும். அன்பியத்துக்கு, அதாவது சர்ச்சில் பக்கத்து வீடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் குழுவுக்கு, ஒரு பெண் வீடு வீடாகப் போனார். யார் எந்தப் படகில் ஏறினார் என்பது ஓனரை விட வீட்டுப் பெண்களுக்கு நன்றாகத் தெரியும்.

பந்தல்காரரிடம் ஜெனரேட்டர் வாங்கி வரிசையாகப் பிளக் பாயிண்ட் வைத்தோம். சார்ஜ் போட வந்தவர்கள் சேதியும் கொண்டுவந்தார்கள். இது நாங்கள் யோசித்துச் செய்ததல்ல, தானாக நடந்தது.

படகுகள் லட்சத்தீவு, மகாராஷ்டிரா, குஜராத் என்று எங்கெங்கோ ஒதுங்கின. படகு வந்தது என்றால் அதில் போன எல்லாரும் வந்தார்கள் என்று அர்த்தமில்லை. அதனால் ஆளின் குரலை வீட்டார் கேட்ட பிறகுதான் ‘கரை சேர்ந்தார்’ என்று எழுதுவது என வைத்துக்கொண்டோம். ஓர் அக்கா, “மக்கா, நான் சொல்லுகேன்லா, எழுது” என்று சண்டைக்கே வந்துவிட்டார். “அவரு பேசட்டும் அக்கா” என்றேன். சாயங்காலம் அவரே வந்து, “பேசியாச்சு, இப்ப எழுது” என்றார்.

‘இது அரசாங்க வேலை, நீங்கள் யார்?’ என்று ஒருவர் கிளம்புவார். சரி, மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077க்கு அடியுங்கள், கடலோரக் காவல்படையின் 1554க்கும் அடியுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? எந்தப் படகு, எத்தனை பேர், கடைசியாக எங்கே இருந்தார்கள் என்றுதான் அவர்களும் கேட்பார்கள். அந்தப் பதில் ஊரில்தான் இருக்கிறது. கடலில் காணாமல் போனவர்களை மீட்கச் சொல்லி டிசம்பர் 7 அன்று குழித்துறையில் மக்கள் தண்டவாளத்தில் உட்கார்ந்தபோதும் எங்களிடம் பெயர் பெயராகக் கணக்கு இருந்தது.

உங்கள் ஊர் மலையோரமாக இருந்தால் ரப்பர் தோட்டத்தில் தங்கியிருப்பவர்களையும் தனியாக இருக்கும் முதியவர்களையும் இப்போதே எழுதி வையுங்கள். ஆப்பை அப்புறம் பார்க்கலாம்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். ஆடியில் கடல் ஏறினால் எங்கள் பக்கம் ரோடே போய்விடுகிறது. அலையைத் தடுக்கக் கடலுக்குள் கல் போட்டுக் கட்டும் தூண்டில் வளைவு கேட்டு மனு கொடுத்தால், வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள். ரோடு இல்லாத ஊருக்கு ஆம்புலன்ஸ் எந்த வழியாக வரும் என்பதையும் அந்த மனுவில் கேட்டிருந்தோம்.