கிளப்பை ரசிகர்களே வாங்கினா ஓடுமா?

கேள்வி: சார், கடன்ல மூழ்குற ஃபுட்பால் கிளப்ப ரசிகர்களே காசு போட்டு வாங்குறாங்கன்னு ஃப்ரெண்டு சொன்னான். நெஜமாவே ஓடுமா, இல்ல ஆர்வக்கோளாறா? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: ஓடுது தம்பி, இருபது வருஷத்துக்கு மேலயே ஓடுது. இங்கிலாந்துல எக்ஸிட்டர் சிட்டின்னு ஒரு கிளப். 2003ல மேல் நாலு டிவிஷன் இருக்குற லீக்ல இருந்தே வெளிய விழுந்துட்டாங்க, கடன் கழுத்து வரைக்கும், நிர்வாகத்துல இருந்த ரெண்டு பேர போலீஸ் கைது பண்ற நெலம. அப்பதான் ரசிகர்களோட டிரஸ்ட் கிளப்ப கையில எடுத்துச்சு. பெரிய பணக்காரங்க யாரும் இல்ல, மாசாமாசம் சின்ன சின்ன தொகையா சந்தா கட்டுனவங்கதான். 2005 ஜனவரில எஃப்.ஏ. கப்புல, அதாவது இங்கிலாந்துல பெரிய கிளப்பும் சின்ன கிளப்பும் மோதுற நாக்-அவுட் போட்டில, மான்செஸ்டர் யுனைடெட்ட அவங்க கிரவுண்டுலயே, ஓல்டு டிராஃபோர்டுல, 0-0ன்னு நிறுத்துனாங்க பாருங்க, அதனால சொந்த ஊர்ல இன்னொரு மேட்ச் கெடச்சுது, அதுல 0-2ன்னு தோத்தாங்க, ஆனா ரெண்டு மேட்ச் வசூல்ல வந்த பங்கு கிளப்போட மூச்ச காப்பாத்திருச்சு.

அத அதிர்ஷ்டம்னு வேணா சொல்லுங்க. அதுக்கப்புறம் வந்த காசு அதிர்ஷ்டம் இல்ல. அகாடமில சின்னப் பசங்கள வளத்தாங்க. 2024 யூரோ செமி ஃபைனல்ல இங்கிலாந்துக்காக நெதர்லாந்துக்கு எதிரா கடைசி நிமிஷத்துல கோல் போட்டாரே ஓலி வாட்கின்ஸ், அவர் அங்க வளந்த பையன். 2017ல பிரென்ட்ஃபோர்டு கிளப்புக்கு வித்தாங்க, 2020ல அவர் அங்க இருந்து ஆஸ்டன் வில்லா கிளப்புக்கு போனப்பவும் அந்த விலையில எக்ஸிட்டருக்கு ஒரு பங்கு வந்துச்சு. இந்தப் பொறுமைதான் எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயம்.

கேள்வி: அப்ப இங்கிலாந்துலயே இன்னொரு கிளப்பான போர்ட்ஸ்மவுத்த வாங்குன ரசிகர்கள் மட்டும் அத ஏன் வித்தாங்க? துரோகம் இல்லையா? (வாசகி, திருச்சி)

பதில்: துரோகம்னு சொல்லாதீங்கம்மா, மனசு கேக்கல. 2008ல எஃப்.ஏ. கப் ஜெயிச்ச கிளப் அது, ரெண்டே வருஷத்துல திவால், 2012ல மறுபடியும், கடைசில நாலாவது டிவிஷன் வரைக்கும் போயிருச்சு. 2013ல ஆளுக்கு 1,000 பவுண்டு ஷேர் போட்டு ரசிகர்கள் மீட்டாங்க, வசதியான சில பேரும் கூட சேந்தாங்க. கடன அடைச்சாங்க, 2017ல அந்த டிவிஷன்ல சாம்பியனும் ஆனாங்க. ஆனா ஃப்ராட்டன் பார்க் ரொம்பப் பழைய ஸ்டேடியம், அத சரி பண்ற செலவு சந்தாக் காசுல அடங்காது. டிஸ்னில தலைமைப் பொறுப்புல இருந்த மைக்கேல் ஐஸ்னர் வாங்க வந்தப்போ ஓட்டெடுப்பு வச்சு, பெரும்பான்மை சரின்னு சொன்ன பிறகுதான் குடுத்தாங்க. நானா இருந்தா ஒரு பங்கையாவது கையில வச்சிருந்திருப்பேன். ஆனா முன்னாடி ரசிகர்கள கேக்காமலே முதலாளி மேல முதலாளியா மாறுன கிளப் அது, இந்த தடவ யாருக்கு குடுக்கணும்னு முடிவு பண்ணது அவங்கதான்.