கடவுளிடம் கோபப்பட்டால் பாவமா?

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

எனக்கு வயது 46. தூத்துக்குடிப் பக்கம் ஒரு சிற்றூர். போன கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம் என் கணவருக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் குழறுகிறது. சபையிலிருந்து ஜெபிக்க வருகிறார்கள். “அறிக்கை செய்யாத பாவம் ஏதாவது இருக்கா, யோசிச்சுப் பாருங்க” என்றார் ஓர் அக்கா. விசுவாசம் குறைந்தால் சுகம் தாமதமாகும் என்றார் இன்னொருவர். எல்லாருக்கும் டீ போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டு அடுப்படியில் நின்று அழுவேன். இப்போது முழங்கால் போட்டால் ஜெபம் வரவில்லை, கோபம்தான் வருகிறது. ராத்திரி தூக்கமில்லை. “என்னையும் எடுத்துக்கொள்ளும்” என்று ஒருநாள் வாய்விட்டே சொல்லிவிட்டேன். நான் விசுவாசத்தில் பின்வாங்கிப் போகிறேனா?

– ஒரு சகோதரி

அன்புச் சகோதரி,

‘என்னையும் எடுத்துக்கொள்ளும்’ என்றது களைப்பில் வந்த பேச்சா, அல்லது உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணமே திரும்பத் திரும்ப வருகிறதா? இரண்டாவது என்றால் மீதியை அப்புறம் படிக்கலாம். இப்போதே வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டு 14416-ஐ அழையுங்கள். அரசின் டெலி-மானஸ் மனநல உதவிச் சேவை அது. கட்டணம் இல்லை, நடுராத்திரியிலும் தமிழில் பேசலாம்.

களைப்புதான் என்றால், உங்களுக்கு முன்பே அப்படிக் கேட்டவர் எலியா தீர்க்கதரிசி. சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து “போதும் கர்த்தாவே” என்றவருக்கு யாரும் பிரசங்கம் பண்ணவில்லை. தூங்கவிட்டார்கள். தூதன் தட்டி எழுப்பித் தழலில் சுட்ட அடையைக் காட்டினான். சாப்பிட்டு, தண்ணீர் குடித்து, திரும்பவும் படுத்துக்கொண்டார்.

பாவக் கணக்குக்கு வருவோம். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ பக்கவாதம் வரும். ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, புகை என்று அதற்கான காரணங்களை மருத்துவர் சொல்வார். பிறவிக் குருடனைப் பார்த்து “யார் செய்த பாவம்?” என்று சீஷர்களும்தான் கேட்டார்கள், அவனும் இல்லை, அவனைப் பெற்றவர்களும் இல்லை என்றார் இயேசு. துன்பத்தில் கிடந்த யோபுவைப் பார்க்க வந்த நண்பர்கள் ஏழு நாள் வாய் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை நல்லவர்களாகத்தான் இருந்தார்கள். அவருடைய துன்பத்துக்குக் காரணம் சொல்லத் தொடங்கியதும் கெட்டது. முடிவில் கர்த்தருடைய கோபம் மூண்டது அவர்கள்மேல்தான்.

மதமும் மனநலமும் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் கென்னத் பார்கமென்ட் கண்டதும் இதை ஒட்டியதே. துன்பத்தைக் கடவுளின் தண்டனையாகவே எடுத்துக்கொள்கிறவர்களிடம் மனச்சோர்வு கூடுதலாகக் காணப்பட்டது.

உங்கள் கோபத்தை நான் பின்வாங்குதலாகப் பார்க்கவில்லை. “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?” என்கிறது 13-ஆம் சங்கீதம். அது கடைசியில் துதியாக மாறிவிடுகிறது. 88 மாறுவதே இல்லை, இருட்டிலேயே முடிகிறது. அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்களே! வார்த்தை வராத ராத்திரியில் அதை அப்படியே வாய்விட்டு வாசியுங்கள். அதுவும் ஜெபம்தான்.

ஆனால் தூக்கம் போனதற்குச் சங்கீதம் மட்டும் போதாது. படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வைக்கிறீர்கள் என்றால் யாருக்குத்தான் தூக்கம் வரும்? அடுத்த முறை ஜெபிக்க வருகிறவர்களிடம் டீ டம்ளரை நீட்டும்போதே கேளுங்கள்: “சனிக்கிழமை மத்தியானம் இவர் பக்கத்தில் யார் உட்காருவீங்க? நான் கொஞ்சம் படுக்கணும்.” சபை என்று ஒன்று இருப்பது இதற்கும்தான். ஆள் இருந்தும் தூக்கம் பிடிக்கவில்லை, சாப்பாடும் இறங்கவில்லை என்று இரண்டு வாரத்துக்கு மேல் நீண்டால் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். மாத்திரை சாப்பிடுவது விசுவாசக் குறைவு ஆகாது. தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்குக் கொஞ்சம் திராட்சரசம் குடிக்கச் சொன்னவர் பவுல்.

இன்னொன்று. பேச்சு குழறுவதால் உங்கள் கணவருக்கு ஒன்றும் புரியாது என்று நினைத்துவிட வேண்டாம். கட்டிலுக்குப் பக்கத்தில் நடக்கும் பேச்சு அவருக்கும் கேட்கிறது. அவர் முன்னால் பாவத்தைப் பற்றி விசாரிக்கக் கூடாது என்று வருகிறவர்களிடம் சொல்லிவிடுங்கள். நீங்கள் சொல்லச் சங்கடமாக இருந்தால் பாஸ்டர் ஐயாவை விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.